புள்ளி காணாமல் போன திரை: பின்வரிசையிலிருந்து ஒரு மதிப்பீடு

உயர்நிலை இரண்டில் வல்லினம் மிகும் இடங்களைப் பற்றிய பாடம். ‘கேட்டுச் சொன்னான்’, ‘பார்த்துப் பேசினாள்’, ‘தமிழைக் கற்றோம்’ என்று பத்துத் தொடர்கள். படவில்லையின் பின்னணி கரும்பலகை போல அடர் பச்சை. எழுத்து வெள்ளை. மிகும் ஒற்று மட்டும் பளிச்சென்று சிவப்பு. கேபிள் எதுவும் இல்லாமல் மடிக்கணினியிலிருந்து அறையின் டிவிக்கு அனுப்பியிருந்தேன். பாடம் நன்றாகப் போனதாகத்தான் நினைத்தேன்.

குறிப்பேடுகளைத் திருத்தும்போது பார்த்தால், பின்வரிசையில் உட்கார்ந்திருந்த மூன்று பேர் ‘கேட்டுச சொன்னான்’, ‘பார்த்துப பேசினாள்’ என்று எழுதியிருந்தார்கள். கவனக்குறைவு என்று வட்டம் போட்டுக் கொடுத்துவிட்டேன். மறுநாள் அவர்களில் ஒருவன், “டீச்சர், டிவில அப்படித்தான் இருந்துச்சு” என்றான். நான் நம்பவில்லை. இடைவேளையில் அதே படவில்லையை அதே டிவியில் போட்டு, அவன் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அவன் சொன்னது சரி. சிவப்பு எழுத்து பச்சைக்குள் கசிந்து, அதன் தலைமேல் இருந்த புள்ளி கரைந்து போயிருந்தது. மடிக்கணினித் திரையிலோ அது அழகாக இருந்தது. முன்வரிசையிலிருந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாது.

கம்பியில்லாத் திரைப்பகிர்வை நம்மில் பலர் இப்போது பயன்படுத்துகிறோம். பயிலரங்குகளில் அதைப் பாராட்டாத ஆள் இல்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: இந்தக் கருவியை இதுவரை மதிப்பிட்டவர்கள் தமிழ் தெரிந்தவர்கள், அதுவும் அறையின் முன்பக்கம் நின்றவர்கள். நமக்குப் புள்ளி இல்லாவிட்டாலும் படிக்க வரும். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி போடாமலேதான் எழுதினார்கள். எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் சொல்லியிருந்தும், சுவடியைப் படித்தவர் இடமறிந்து தாமே புள்ளியைச் சேர்த்துக்கொண்டார். மொழி கைவசம் இருப்பவருக்கு அது முடியும். வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசிவிட்டு நம்மிடம் வரும் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு முடியாது. அது திரையில் இருப்பதை அப்படியே நம்பி எழுதும். நாமும் அதைத்தானே செய்யச் சொல்கிறோம்?

புள்ளி ஏன் கரைகிறது என்று கொஞ்சம் பார்த்துவிடுவோம். காரணம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

‘டிவிக்கு அனுப்புவது’ என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் இரண்டு வேலைகள். ஒன்று, கணினித் திரையை அப்படியே காட்டுவது. கணினி தன் திரையை நொடிக்குப் பலமுறை படம்பிடித்து, அதைக் காணொளியாகச் சுருக்கி, வைஃபை வழியாக அனுப்புகிறது. டிவி அதை விரித்துக் காட்டுகிறது. விண்டோஸ் கணினிகளில் இருக்கும் மிராகாஸ்ட் இந்த வகை. 2012இல் வைஃபை கூட்டமைப்பு அறிமுகப்படுத்தியது. ஆப்பிளின் ஏர்பிளேயிலும் திரையை இப்படிப் பிரதிபலிக்கலாம். இரண்டாவது, முகவரியை மட்டும் அனுப்புவது. 2013இல் வந்த குரோம்காஸ்ட் இதைத்தான் பரவலாக்கியது. இணையக் காணொளி எங்கே இருக்கிறது என்று கணினியோ கைப்பேசியோ டிவியிடம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். டிவி தானே இணையத்திலிருந்து எடுத்து ஓட்டும். படம் தெளிவாக வரும், நம் கணினியும் திணறாது. வாய்மொழித் தேர்வுப் பயிற்சிக்குக் காணொளி போடும்போது இந்த இரண்டாவது வழி கிடைத்தால் அதையே எடுங்கள். முதல் வழியில் போட்டுவிட்டு ‘வைஃபை சரியில்லை’ என்று திட்டுபவர்கள் நம்மில் நிறையப் பேர். நானும் திட்டியிருக்கிறேன்.

சிக்கல் முதல் வழியில்தான். காணொளியைச் சுருக்கும்போது ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒளியளவைத் தனியாக வைத்துக்கொள்வார்கள். நிறத்தை மட்டும் நான்கு பிக்சலுக்குச் சேர்த்து ஒன்றாக வைப்பார்கள். மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பார்க்கும், நிற வேறுபாட்டை அவ்வளவு கூர்மையாகப் பார்க்காது என்பதால் இந்தச் சிக்கனம். திரைப்படத்தில் ஒரு முகத்தைக் காட்ட இது போதும். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் அடர் பச்சையின் மேல் சிவப்பு எழுத்து என்பது என்ன? இரண்டுக்கும் ஒளியளவு கிட்டத்தட்ட ஒன்று. நிறம் ஒன்றால்தான் எழுத்து பின்னணியிலிருந்து பிரிந்து நிற்கிறது. அந்த நிறத்தையே நான்கில் ஒன்றாகக் குறைத்துவிட்டால், எழுத்தின் உடம்பாவது தட்டுத்தடுமாறித் தப்பிக்கும். இரண்டு மூன்று பிக்சல் அளவே உள்ள புள்ளி தப்பிக்காது.

ஆங்கில எழுத்தில் ‘ஐ’க்கு மேல் இருக்கும் புள்ளி போனால் ஒன்றும் ஆகாது, அது அதே எழுத்துதான். தமிழில் புள்ளி போனால் மெய் உயிர்மெய்யாகிவிடும். ஒரு அசை கூடிவிடும். ண, ன இரண்டுக்கும் ஒரு சுழிதான் வித்தியாசம். ஆகவே மற்றப் பாட ஆசிரியர் ‘எனக்கு நல்லாத்தானே தெரியுது’ என்று சொல்வது நமக்குச் சான்றாகாது. இந்தக் கருவியைப் பரிந்துரைக்கும் பயிலரங்குகளில் நான் பார்த்த செய்முறைக் காட்சிகள் எல்லாம் படமும் பெரிய தலைப்பும் கொண்டவை. பதினெட்டுப் புள்ளி அளவில் பத்து வரித் தமிழைக் கடைசி நாற்காலியிலிருந்து படிக்கச் சொல்லி யாரும் சோதித்துக் காட்டியதில்லை.

சரி, என்ன செய்யலாம்? வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்து. அழகில்லை என்று தோன்றும். ஆனால் அங்கே வேறுபாடு ஒளியளவில் இருப்பதால் புள்ளி பத்திரமாக இருக்கும். ஒற்றைக் காட்ட வேண்டுமா? நிறம் மாற்றாதீர்கள். தடித்த எழுத்தாக்கி அடிக்கோடு போடுங்கள். மெலிந்த எழுத்துருவைத் தவிர்த்துக் கொஞ்சம் சதைப்பிடிப்பான எழுத்துருவை எடுங்கள். டிவியின் படத் தேர்வுகளில் ‘கூர்மை’ என்று ஒன்று இருக்கும். அதைக் கூட்டினால் எழுத்து தெளிவாகும் என்று நினைப்போம். உண்மையில் எழுத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு விளிம்பு வந்து சுழிகளை அடைத்துவிடும். குறையுங்கள். படவில்லையின் ஓரம் வெட்டுப்பட்டால் டிவி படத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது என்று பொருள். படத்தின் அளவைத் திரைக்குப் பொருந்துமாறு மாற்றினால் சரியாகும்.

இதைச் சொல்லும்போது ஒரு உறுத்தலும் இருக்கிறது. நாம் ஒருவருக்கொருவர் பகிரும் படவில்லைகளில், நான் அனுப்பியவை உட்பட, கரும்பலகைப் பச்சையும் ஊதாவும் ஆரஞ்சும்தான் நிறைய. மாணவர்களைக் கவரத்தான் அப்படிச் செய்தோம். எத்தனை பின்வரிசைகளில் எத்தனை ஒற்றுகள் போயினவோ.

இனி, ஆசிரியர் நடமாடலாம் என்ற வாதத்துக்கு வருவோம். கேபிளில் கட்டுண்டு மேசைக்குப் பின்னால் நிற்காமல் வகுப்பு முழுதும் உலவலாம் என்பதுதான் இந்தக் கருவிக்குச் சொல்லப்படும் முதல் பெருமை. பாதி உண்மை. தாய்மொழி நேரத்தில் நம் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு எங்கே அறை காலியோ அங்கே வருகிறார்கள். நாமும் அப்படித்தான். ஒரு வாரத்தில் நான் நுழையும் அறைகளில் ஒன்றில் டிவி, இன்னொன்றில் ஒளிப்படக்கருவி, வேறொன்றில் இரண்டும் இருந்து ஒன்று மட்டும் வேலை செய்யும். ஒரே அறையில் நாள் முழுதும் இருக்கும் ஆசிரியருக்கு ஒருமுறை இணைத்தால் போதும். நமக்கு ஒவ்வொரு பாடமும் புது இணைப்பு. நல்ல நாளில் அரை நிமிடம், கெட்ட நாளில் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தில் வகுப்பு ஆங்கிலத்துக்குப் போய்விடும். திரும்பத் தமிழுக்கு இழுத்துவர இன்னொரு ஐந்து நிமிடம்.

அதிலும் டிவிகளுக்கு வைத்திருக்கும் பெயர்கள் ஒன்றைப்போலவே இன்னொன்று. ஒருநாள் நான் அனுப்பிய கருத்தறிதல் பகுதி எங்கள் அறையில் வரவே இல்லை. இரண்டு மூன்று தடவை முயன்றேன். பிறகு கதவைத் தட்டி ஒரு மாணவர் வந்து, பக்கத்து அறை மலாய் வகுப்பின் டிவியில் தமிழ் ஓடிக்கொண்டிருக்கிறது என்று மரியாதையாகச் சொன்னார். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். கருத்தறிதல் பகுதி போனதில் கவலையில்லை. மதிப்பெண் பட்டியல் போயிருந்தால்? இணையும்போது டிவியில் தோன்றும் எண்ணைக் கேட்கும் வசதி இருக்கும். அதை நிறுத்தி வைத்திருந்தால் மறுபடி போடச் சொல்லிக் கேளுங்கள். அந்த எண் உங்கள் கண்முன் தெரிந்தால் சரியான அறை. விண்டோஸில் ‘விண்டோஸ்’ விசையுடன் ‘கே’ அழுத்தினால் டிவிகளின் பட்டியல் வரும். ‘பி’ அழுத்தினால் திரையை நகலாகக் காட்டவா, நீட்டித்துக் காட்டவா என்று கேட்கும். நீட்டிப்பையே தேர்ந்தெடுங்கள். மாணவர் பார்க்க வேண்டியது டிவியில், நம் குறிப்பும் மின்னஞ்சலும் நம் திரையில். பலர் நகலிலேயே காலம் தள்ளுகிறார்கள்.

இன்னொரு குறை, பிந்தி வருவது. சுருக்கி, அனுப்பி, விரிப்பதற்குள் நொடியில் ஒரு சிறு பங்கு கழிந்துவிடும். படமும் ஒலியும் சேர்ந்தே டிவிக்குப் போகும்போது இரண்டும் ஒன்றாகப் பிந்துவதால் தெரியாது. நம் குரல் நேரடியாகவும் படம் டிவி வழியாகவும் போகும்போதுதான் தெரியும். ழகரத்துக்கு நாக்கு எங்கே வளைகிறது என்று காட்ட, கேமராவை என் வாய்க்கு நேரே வைத்துப் பெரிதாக்கிக் காட்டினேன். பிள்ளைகளின் காதில் ‘ழ’ விழுந்த பிறகு திரையில் நாக்கு வளைந்தது. லகர, ளகர, ழகரங்களை அடுத்தடுத்துச் சொன்னபோது எந்த வாய் எந்த ஒலிக்கு என்பதே குழம்பிவிட்டது. ஏற்கெனவே மூன்றையும் ஒன்றாகக் கேட்கும் பிள்ளைகளுக்கு இது உதவியா, உபத்திரவமா? முன்கூட்டியே பதிவுசெய்து போட்டால் இந்தச் சிக்கல் இல்லை. இல்லையென்றால் பழைய வழிதான்: வகுப்பைச் சுற்றி வந்து முகத்துக்கு நேரே சொல்லிக் காட்டுவது.

இவ்வளவு சொல்லிவிட்டு, ஏன் இன்னும் பயன்படுத்துகிறேன் என்று கேட்பீர்கள். ஒரே காரணம்: மாணவரின் திரை.

உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரிடமும் இப்போது ஒரு கற்றல் சாதனம் இருக்கிறது. ஐபேடா, குரோம்புக்கா, விண்டோஸ் மடிக்கணினியா என்பது பள்ளிக்குப் பள்ளி வேறு. மிராகாஸ்ட் ஐபேடிலும் குரோம்புக்கிலும் இல்லை. அதனால் ஒரு பள்ளி ஆசிரியர் சொல்லிக்கொடுத்த வழி இன்னொரு பள்ளியில் அப்படியே பலிக்காது. பயிலரங்குகளில் இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பலருக்கு ஏமாற்றம் மிஞ்சாது. ஆனால் உங்கள் பள்ளியில் எது பலிக்கிறதோ அதைக் கொண்டு ஒரு பிள்ளை தன் இடத்திலிருந்தே தன் திரையை டிவிக்கு அனுப்ப முடிந்தால், அது கேபிள் தராத ஒன்று. என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கையெழுத்து மோசம். பலகைக்கு எழுதக் கூப்பிட்டால் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்பான். பத்தியின் மையக் கருத்து எந்த வாக்கியத்தில் இருக்கிறது என்று தன் ஐபேடில் விரலால் கோடு போட்டு, அது டிவியில் தெரிய, உட்கார்ந்த இடத்திலிருந்தே காரணமும் சொன்னான். தமிழிலேயே நாலைந்து வாக்கியம். அதற்காக ஐந்து நிமிட இணைப்புப் போராட்டத்தை நான் மன்னிப்பேன்.

ஆனால் இதே இடத்தில்தான் நான் பெரிய தவறு ஒன்றும் செய்தேன்.

ஒரு மாணவி, தாத்தா மருத்துவமனையில் இருந்த கடைசி நாட்களைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். சுற்றிவரும்போது ஒரு பத்தியைப் பார்த்தேன். நன்றாக இருந்தது. உடனே, “இதை எல்லாருக்கும் காட்டுவோமா?” என்றேன். வகுப்பு நடுவே ஆசிரியர் அப்படிக் கேட்டால் பிள்ளை ‘வேண்டாம்’ என்றா சொல்லும்? தலையை ஆட்டினாள். திரை டிவிக்குப் போனது. அவள் எழுதிய செயலியில் எழுத்துப்பிழை சோதிக்கும் வசதி போட்டிருந்தது. அந்த வசதிகள் தமிழை எப்படிப் பார்க்கும் என்று உங்களுக்குத் தெரியும். வேற்றுமை உருபு ஏறினால் கோடு, சந்தியில் சேர்ந்தால் கோடு, வினைமுற்று கொஞ்சம் நீண்டால் கோடு. அவள் மடியில் சிறிதாகத் தெரிந்த பத்தி சுவரளவு பெரிதாகி, வரிக்கு வரி சிவப்பு நெளிகோட்டோடு நின்றது. முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவன் “வா, எவ்ளோ மிஸ்டேக்!” என்றான். நாலு பேர் சிரித்தார்கள்.

அவள், “அப்ப எல்லாமே தப்பா டீச்சர்?” என்று கேட்டாள்.

தவறே இல்லை என்று நான் விளக்கினேன். இரண்டு பிழைகள் இருந்தன, அவ்வளவுதான். வாக்கியங்களை நானே உரக்கப் படித்தும் காட்டினேன். என்ன பயன்? தாத்தாவைப் பற்றிய பத்தியை வகுப்பு சிவப்புக் கோடுகளாகத்தான் பார்த்தது. அதன்பின் அந்தத் தவணை முழுதும் அவள் எதையும் பகிர முன்வரவில்லை. எழுதியதும் குறைந்தது. பாதுகாப்பான, மனப்பாடம் செய்த தொடர்களாகவே வந்தன. புள்ளி போனதை அடுத்த பாடத்தில் சரிசெய்ய முடிந்தது. இதைச் சரிசெய்ய அப்படி ஒரு அடுத்த பாடம் கிடைக்கவில்லை.

இந்த வசதியை விற்பவர்களும் சரி, பரிந்துரைப்பவர்களும் சரி, ‘எந்த மாணவரின் திரையையும் ஒரே தொடுகையில் முன்னால் கொண்டுவரலாம்’ என்பதைப் பெரிய நன்மையாகச் சொல்வார்கள். எனக்கு அது நன்மையாகப் படவில்லை. கணக்குப் பாடத்தில் ஒரு விடையைக் காட்டுவது வேறு. தாய்மொழியில் எழுதிய, பாதியில் நிற்கும் கட்டுரையைக் காட்டுவது வேறு. அதில் வீடு இருக்கும், அப்பா அம்மா இருப்பார்கள். ‘என் தமிழ் மோசம்’ என்ற பயமும் இருக்கும். குறிப்பேட்டை வாங்கிப் படிக்கும்போது நமக்கும் அந்தப் பிள்ளைக்கும் நடுவே மட்டும் இருப்பது, ஒரே நொடியில் இருபது பேருக்கு முன்னால் போகிறது. பிள்ளை தானாக அனுப்பினால் மட்டும் போகட்டும். நாமாக இழுக்க வேண்டாம். கேட்பதையும் முந்தின நாளே, தனியாகக் கேளுங்கள். அப்போதுதான் ‘வேண்டாம்’ என்று சொல்ல அதற்கு வழி இருக்கும்.

இப்போது என் வகுப்பில் நடப்பது இது. இலக்கணமும் எழுத்தும் கேபிளில்தான், ஆறு மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று என் பையிலேயே இருக்கும். கேபிள் போட்டாலும் சில டிவிகள் நிறத்தைக் குறைக்கத்தான் செய்யும் என்பதால் அங்கும் கறுப்பு வெள்ளைதான். காணொளிக்கு இரண்டாம் வழி. மாணவர் திரை தேவைப்படும் பாடத்துக்கு மட்டும் கம்பியில்லா இணைப்பு, அதற்கு முன் பிழை சோதிக்கும் வசதியை எல்லாரும் நிறுத்த வேண்டும். அறைக்குள் நுழைந்ததும் ஒரு படவில்லை போட்டுவிட்டுக் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்து பார்க்கிறேன். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், இப்போது அவர்களே “டீச்சர், புள்ளி தெரியுது” என்று சொல்லிவிடுகிறார்கள்.

அந்த மாணவி இந்த ஆண்டும் என் வகுப்பில்தான் இருக்கிறாள். போன மாதம் ஒரு வாக்கியத்தை மட்டும் குறுஞ்செய்தி போல எனக்கு அனுப்பி, “காட்டலாம், பேர் போடாதீங்க” என்றிருந்தாள். வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்தில் போட்டேன். பேர் போடவில்லை. யார் எழுதியது என்று வகுப்பு கேட்டது, நான் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

எந்த எழுத்துரு உங்கள் அறையில் பின்வரிசைவரை புள்ளியோடு போய்ச் சேர்கிறது என்று சோதித்துப் பார்த்து எழுதுங்கள். குரோம்புக் வைத்திருக்கும் பள்ளியினர் மாணவர் திரையை எப்படி அனுப்புகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால், அடுத்த இதழில் தொகுத்துப் போடலாம். என் பழைய பச்சைப் படவில்லைகளைப் பதிவிறக்கி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பின்னணியை மாற்றிவிடுங்கள்.